உயராத கை

எங்க வீட்டுக்காரரை நாட்டுத் துரோகின்னு முதல்ல கத்தினது டிப்போ ஃபோர்மேன்தான். அந்த ஆள் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டா ஊருக்கே புண்ணியம். ஆனா அன்னைக்கு அவனைத் திட்ட எனக்கு வாய் வரலை. கண்ணால பார்த்ததைத்தானே சொன்னான்? எல்லார் கையும் மேல இருந்துச்சு, இவர் கை மட்டும் தொடையோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

நான் அந்த பஸ் டிப்போ கேன்டீன்ல டீ போடுறவ. இவர் அங்கேயே டிரைவர். எங்க கல்யாணத்துக்கு முந்தியே ஸ்டியரிங் பிடிச்சவர். தினமும் காலையில முதல் வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி டீசல் பம்புக்கு எதிர்ல எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு உறுதிமொழி சொல்ல வைப்பாங்க. ‘நான் பிறந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பேன், அதன் மானமே என் மானம்’னு ஆரம்பிக்கும். ஃபோர்மேன் ஒவ்வொரு வரியாக் கத்துவான், மத்தவங்க திருப்பிச் சொல்லணும். பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கிட்டே மானத்தைக் காப்பாத்துவாங்க. நான் ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துக்கிட்டே கிளாஸ் கழுவுவேன். கேன்டீன்காரங்க எல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க, எங்களுக்கு உறுதிமொழி கிடையாது. எங்க விசுவாசம் யாருக்கும் தேவைப்படலை.

அந்தக் கூட்டத்துல அதை நெஞ்சாரச் சொன்ன ஆள் யாருன்னு கேட்டீங்கன்னா, இவர்தான். சத்தியமா! குளிக்கும்போதுகூட முணுமுணுப்பார். நம்ம நாடு எந்த ஆட்டத்துலயாவது தோத்துட்டா அன்னைக்குச் சோத்துல கை வைக்க மாட்டார், என்னவோ இவர்தான் பந்தைக் கோட்டை விட்ட மாதிரி. டி.வி.யில கொடி ஏத்துறதைக் காட்டினா கண்ணு கலங்கும். “என்ன, வெங்காயம் உரிச்சீங்களா?”ன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. இனிமே சும்மா நின்னு சொன்னாப் பத்தாதாம். வலது கையைத் தலைக்கு மேல தூக்கி, முழங்கை மடங்காமச் சொல்லணுமாம். அதை தினமும் போட்டோ எடுத்து அனுப்பணுமாம். எந்தப் புண்ணியவானுக்கு எந்த வேலையத்த நேரத்துல தோணுச்சோ!

அங்கதான் வந்துச்சு வினை. இவருக்கு வலது கை தோளுக்கு மேல போகாது.

கொஞ்ச காலமாவே அப்படித்தான். முதல்ல வலின்னார், தைலம் தேய்ச்சோம். அப்புறம் தோள் துருப்பிடிச்ச கதவு மாதிரி இறுகிப் போச்சு. டவுன்ல எங்களைத் தெரியாத ஒரு டாக்டரைப் பார்த்தோம், ஆறும், ஆனா எப்பன்னு சொல்ல முடியாதுன்னார். வண்டி ஓட்டுறதுக்கு அது தடையில்லை. ஸ்டியரிங் நெஞ்சுக்குக் கீழதானே இருக்கு, அந்த அளவுக்குக் கை நல்லாவே போகும், வரும். சட்டை மாட்டத்தான் நான் வேணும். தலை சீவத்தான் நான் வேணும். “பொண்டாட்டி கையால தலை சீவிக்கிற யோகம் எந்த டிரைவருக்கு இருக்கு?”ன்னு கண்ணாடி முன்னாடி உக்கார்ந்து இளிப்பார். ஆபத்தில்லையான்னு கேட்டா, பயம் எனக்கும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா டிப்போவுக்குத் தெரிஞ்சா மெடிக்கலுக்கு அனுப்புவாங்க, மெடிக்கல்ல ‘தகுதியில்லை’ன்னு முத்திரை குத்துவாங்க, அப்புறம் வீடுதான். கண்ணுல பிரச்சனை வந்த ஒரு டிரைவரை அப்படித்தான் அனுப்பினாங்க. அந்த மனுஷன் இப்பவும் டிப்போ கேட்டுக்கு வெளிய வந்து நின்னு போற வர்ற வண்டியைப் பார்த்துட்டுப் போறார். அதனால நாங்க மூச்சு விடலை.

உத்தரவு வந்த மறுநாள் எல்லாரும் கையைத் தூக்கினாங்க. இவர் தூக்கலை. தூக்க எங்க வரும்? இடது கையைத் தூக்கலாமான்னு யோசிச்சாராம், ஆனா அதுக்கும் காரணம் கேப்பாங்களேன்னு விட்டுட்டாராம். ஃபோர்மேன் பாதியில நிறுத்திட்டு, “யோவ், கையைத் தூக்குய்யா!”ன்னான். இவர் அசையலை. “என்னய்யா, நாட்டு மேல நம்பிக்கை இல்லையா? துரோகியா நீ?”ன்னு கத்தினான். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாயைத் திறந்தா தோள் சமாச்சாரம் வெளிய வந்துடும்னு இவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு நேராப் பார்த்துக்கிட்டு நின்னார். பயத்துல நின்ன நிலை அது. அது ஜன்னல்ல இருந்து பார்த்த எனக்குத்தான் தெரியும். ஆனா மத்தவங்களுக்கு மலை மாதிரி நிக்கிறார்னு தோணியிருக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தொப்புன்னு உக்கார்ந்தார். “நாளைக்கு உண்மையைச் சொல்லிடறேன்மா. துரோகின்னுட்டான். என்னைப் பார்த்து!”ன்னு குரல் உடைஞ்சுது.

“சொல்லி? ஸ்டியரிங்கைக் குடுத்துட்டு வந்து என் பக்கத்துல கிளாஸ் கழுவப் போறீங்களா? ஃபோர்மேன் குரைப்பான், விடுங்க. நாலு நாள்ல அவங்களே மறந்துடுவாங்க. வாயைத் திறக்காதீங்க”ன்னேன். அந்த யோசனை என்னோடது. அதை வேற யார் தலையிலும் நான் கட்ட முடியாது.

நாலு நாள்ல யாரும் மறக்கலை. நடந்ததே வேற. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா, இவர் பெரிய மனுஷனாயிட்டார். அந்தக் கையைத் தூக்கச் சொல்ற உத்தரவு பல பேருக்குப் பிடிக்கலை போல. ‘நாம என்ன ஸ்கூல் பசங்களா’ன்னு உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டேதான் கையைத் தூக்கியிருக்காங்க. இப்போ ஒரு ஆள் தூக்கலைன்னதும் அவங்க மனசுல இருந்ததை எல்லாம் இவர் தலையில கொண்டு வந்து ஏத்திட்டாங்க. மெக்கானிக் ஒருத்தர் கிரீஸ் கையைத் துடைச்சுட்டு வந்து இவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினார், அதுவும் அந்த வலது கையை. இவருக்கு வலியில கண்ணுல தண்ணி வந்துடுச்சு. “பார்த்தியா, அண்ணன் எவ்வளவு உணர்ச்சிவசப்படுறார்”னு பக்கத்துல ஒருத்தன் சொன்னான். எனக்குச் சிரிப்பு தாங்கலை, உள்ள போய்ச் சிரிச்சுட்டு வந்தேன்.

எங்க பொண்ணு காலேஜ்ல படிக்கிறா. அவளுக்கு அவங்க அப்பா ஒரு தலையாட்டி. ‘எதுக்கெடுத்தாலும் சரிங்க சார், சரிங்க சார்’னு அவரை மாதிரியே நடிச்சுக் காட்டுவா. எல்லார் கையும் மேல, இவர் கை கீழ இருக்கிற அந்த போட்டோ எப்படியோ அவ போனுக்கும் வந்திருக்கு. வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. “அப்பா, நீ இப்படி ஒரு ஆளுன்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா”ன்னா. இவர் என்னைப் பார்த்தார். சொல்லிடவான்னு கண்ணாலயே கேட்டார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம்னு. எந்த அப்பனுக்கு இந்தப் பேர் கிடைக்கும்? கொஞ்ச நாள் அனுபவிச்சுட்டுப் போகட்டுமேன்னு நினைச்சேன். உண்மையைச் சொன்னா, எனக்கும் பிடிச்சிருந்துச்சு. கேன்டீன்ல என்னை யாரும் ‘ஏய் டீ’ன்னு கூப்பிடறது நின்னு போச்சு. ‘அக்கா, ஒரு டீ’ன்னாங்க. டிரைவரோட சம்சாரம்னு கைகாட்டினாங்க. எனக்கு வெக்கமே இல்லை, தலையை நிமிர்த்திக்கிட்டுத்தான் நடந்தேன்.

மேனேஜர் இவருக்கு ஒரு மெமோ குடுத்தார், அதோட சரி. இவர் வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தார். இவர் இந்த ஊர்க்காரர், பழைய ஆள், உடனே கை வைக்க மேனேஜருக்கும் பயம்.

இங்க ஒரு கண்டக்டரைப் பத்திச் சொல்லணும். எங்க டிப்போவுல இருக்கிற பொம்பளைக் கண்டக்டர்கள்ல ஒருத்தி. புருஷன் போயிட்டான், ஸ்கூல் போற ரெண்டு பிள்ளைங்க. அவ தாத்தா காலத்துல ஆத்துக்கு அந்தப் பக்கத்து நாட்டுல இருந்து வந்த குடும்பம். அவ அப்பாவே இங்க பிறந்தவர்தான், அவளும் இங்க பிறந்தவதான். இருந்தாலும் டிப்போவுல அவளுக்குப் பேர் ‘அக்கரைக்காரி’. முதுகுக்குப் பின்னாடி சொல்றதா நினைச்சுக்கிட்டு அவ காதுல விழற மாதிரியே சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன். வேணும்னு இல்லை, எல்லாரும் சொல்றதால வாய்ல வந்துடும். உறுதிமொழி சொல்லும்போது எல்லாரும் ஃபோர்மேனைப் பார்ப்பாங்க, ஃபோர்மேன் அவளைப் பார்ப்பான். அவ வாய் அசையுதா, ‘நான் பிறந்த நாடு’ன்னு சொல்லும்போது மூஞ்சி எப்படிப் போகுதுன்னு. அதனாலயே அவ குரல்தான் எல்லாத்துக்கும் மேல கேக்கும். கையைத் தூக்கணும்னு உத்தரவு வந்தப்போ அவ கைதான் எல்லாத்துக்கும் உசரம். குதிகாலைத் தூக்கிக்கிட்டு நிப்பா.

ஒருநாள் முதல் ட்ரிப் முடிச்சுட்டு கேன்டீனுக்கு வந்தா. கூட்டம் இல்லை. டீயைக் கையில வெச்சுக்கிட்டுக் குடிக்காம நின்னா.

“அக்கா, அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு ஒண்ணு சொல்லணும்.”

“என்ன தங்கச்சி?”

“இத்தனை வருஷமா இந்த உறுதிமொழியைச் சொல்றேன். ஒருநாளும் எனக்காகச் சொன்னதில்லை, அவங்க பார்க்குறாங்களேன்னு சொன்னேன். ஒரு புருஷன் பொண்டாட்டியைப் பார்த்து தினமும் காலையில ‘நீ என்னை விட்டு ஓடிட மாட்டியே’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, அவளுக்கு எப்படி இருக்கும்? ஓடுற எண்ணமே இல்லாதவளுக்கும் கசந்து போயிடுமில்லையா? அண்ணன் இந்த ஊர்க்காரர். அவருக்குக் கையைத் தூக்குறதுல என்ன கஷ்டம்? தூக்கிட்டுப் போயிருக்கலாம். அவர் தூக்கலைன்னா, எங்களை மாதிரி ஆளுங்களுக்காகவும்தான்னு எனக்குத் தோணுச்சு.” அவ கண்ணு நிறைஞ்சுது. “நாளையில இருந்து நானும் இறக்கிடறேன்க்கா. அண்ணன் பக்கத்துல நின்னுக்கிறேன்.”

அப்பவே சொல்லியிருக்கணும். ‘அடியே, அவருக்குத் தோள் பிடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான்டி’ன்னு ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துச்சு. அந்த நேரம் பார்த்து யாரோ பன் கேட்டுக்கிட்டு உள்ள வந்தாங்க. அது ஒரு சாக்கு. ஆள் வராம இருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். இவ வாய்ல இருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போனா, அங்கிருந்து மேனேஜர் காதுக்குப் போனா, ஸ்டியரிங் போயிடும்னுதான் என் புத்தி ஓடுச்சு. “யோசிச்சுச் செய் தங்கச்சி, பிள்ளைங்க இருக்கு”ன்னு மட்டும் சொன்னேன். பெரிய புத்திமதி!

மறுநாள் இவர் பக்கத்துல வந்து நின்னா. ஃபோர்மேன் முதல் வரியைக் கத்தினான். எல்லார் கையும் மேல போச்சு. அவ கை போகலை. வாயும் அசையலை. இவர் திரும்பி அவளைப் பார்த்துட்டு ஜன்னல் பக்கம் என்னைப் பார்த்தார். அந்த மூஞ்சியை நான் என்னைக்கும் மறக்க மாட்டேன், ரத்தமே இல்லை.

இவருக்கு மெமோவோட விட்டவங்க அவளை அன்னைக்கே சஸ்பெண்ட் பண்ணினாங்க. டிக்கெட் மெஷினை மட்டும் விசாரணை முடியிற வரைக்கும் அவ பொறுப்புல வெச்சிருக்கச் சொன்னாங்களாம், என்ன கணக்கோ. இவருக்காகக் கொதிச்சவங்க யாரும் அவளுக்காக வாயைத் திறக்கலை. இவர் கையைக் குலுக்கின அதே மெக்கானிக், “அண்ணன் பண்ணினா அதுல ஒரு நியாயம் இருக்கு. இவளுக்கு என்ன வந்துச்சு? சோறு போடுற நாடு”ன்னு டீ குடிச்சுக்கிட்டே சொன்னார். நான் அவர் கிளாஸை வெடுக்குன்னு பிடுங்கினேன். “இன்னும் குடிச்சு முடிக்கலையே”ன்னார். “முடிஞ்சது போங்க”ன்னேன். அந்தக் கோபம் எதுக்கு உதவும்? சொல்ல வேண்டியதைச் சொல்ல வக்கில்லாம கிளாஸைப் பிடுங்கிட்டு நின்னேன்.

அன்னைக்கு வீட்டுல பெரிய சண்டை. “இப்பவாவது சொல்லிடறேன். அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னா, கையைத் தூக்கிட்டு வேலையைக் காப்பாத்திக்குவா”ன்னார் இவர்.

“சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க. உங்க பொண்ணுகிட்டயும் சேர்த்துச் சொல்லுங்க. நான் வீரன் இல்லம்மா, நொண்டித் தோள்காரன்னு.”

அது எங்க அடிச்சா வலிக்கும்னு தெரிஞ்சு அடிச்ச அடி. அப்புறம் எனக்கே பாவமாப் போய், “விசாரணை வரட்டும், எல்லாரையும் மன்னிச்சு விட்டுடுவாங்க, பாருங்க”ன்னு சமாதானம் சொன்னேன். புலி வாலைப் பிடிச்சாச்சு, விடவும் பயம், பிடிச்சிருக்கவும் பயம்.

விசாரணை மேனேஜர் ரூம்ல நடந்துச்சு. ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், நல்ல மாதிரியான மனுஷன், சாந்தமான பேச்சு. ரெண்டு நாற்காலி போட்டு இவரையும் அவளையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சிருந்தாங்க. ஃபோர்மேன் கதவோரம் நின்னான். டீ கொண்டு போற சாக்குல நானும் உள்ள போய்த் தட்டோட சுவரோரமா நின்னுட்டேன். யாரும் போகச் சொல்லலை.

“பெரியவரே, உங்க சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி இல்லை”ன்னார் அதிகாரி. “இதை நான் பெரிசு பண்ண விரும்பலை. இப்போ எழுந்து நின்னு, கையைத் தூக்கி, ஒரு தடவை உறுதிமொழி சொல்லுங்க. நான் இதோட முடிச்சுட்டுப் போறேன். இல்லைன்னா டிஸ்மிஸ்தான், வேற வழியில்லை.”

இவர் எழுந்தார். அவ அவரையே பார்த்துக்கிட்டு இருந்தா. பயப்படற பார்வை இல்லை அது. என்ன ஆனாலும் நாம ரெண்டு பேர்ங்கிற மாதிரி ஒரு பார்வை. இவர் அவ பக்கம் திரும்பவே இல்லை. கையைத் தூக்க ஆரம்பிச்சார். நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல உடம்பு முழுக்க ஒரு பக்கமாச் சாயுது, கை வரலை. நெத்தியெல்லாம் வேர்வை. இடது கையால வலது கையைப் பிடிச்சுத் தூக்கப் பார்த்தார். ‘ஐயோ’ன்னு ஒரு சத்தம். அப்படியே மேஜை மேல சாஞ்சுட்டார்.

“தூக்க வரலை சார். தோள் செத்துப் போச்சு சார். வேலை போயிடும்னு சொல்லலை சார்!” குழந்தை மாதிரி அழுதார்.

மேனேஜர் நெத்தியில அடிச்சுக்கிட்டார். “அட லூசு மனுஷா! இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? உம்ம அனுபவத்துக்கு டைம் ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டுக் குடுத்திருக்க மாட்டேனா? அங்க வண்டி நேரம் எழுத ஆளே இல்லாம நான் திண்டாடறேன்!” அதிகாரி சிரிச்சார். ஃபோர்மேன்கூட சிரிச்சான். இறுக்கிக் கட்டின மூட்டை அவிழ்ந்த மாதிரி எல்லாருக்கும் நிம்மதி. எங்க பயமெல்லாம் ஒண்ணுமில்லாத பயமாப் போச்சு. முதல் நாளே சொல்லியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்.

அதோட நிறுத்தியிருந்தா நான் இன்னைக்குக் கொஞ்சமாவது தலை நிமிர்ந்து நடப்பேன். பயம் தெளிஞ்ச வேகத்துல இவர் பேச ஆரம்பிச்சார். “நான் நாட்டுக்கு விசுவாசமானவன் சார். குளிக்கும்போதுகூட அதைச் சொல்லுவேன், என் சம்சாரத்தைக் கேளுங்க. எல்லாரும் தப்பா எடுத்துக்கிட்டாங்க. நான் யாரையும் தூண்டி விடலை சார். இந்தம்மா ஏன் தூக்கலைன்னு எனக்குத் தெரியாது சார்.”

தெரியாதாம். அவ சொன்னதை வரி விடாம நான் அன்னைக்கே இவர்கிட்டச் சொல்லியிருந்தேன். அதிகாரி, “அப்படியாம்மா?”ன்னு என்னைப் பார்த்தார். குளிக்கும்போது சொல்றதைத்தான் கேட்டார். “ஆமா சார், சொல்லுவார்”னேன். அதுக்கு மட்டும் எனக்கு வாய் வந்துச்சு.

அதிகாரி இப்போ அவ பக்கம் திரும்பினார். அவருக்குச் சிரிப்பு இன்னும் அடங்கலை. “சரிம்மா, இவருக்குத் தோள். உங்க தோளுக்கு என்ன ஆச்சு?”

மறுபடியும் எல்லாரும் சிரிச்சாங்க. அவளுக்கும் ஒரு கதவைத் திறந்து விட்டார்னுதான் சொல்லணும். எனக்கும் வலிக்குதுன்னு அவ சொல்லியிருந்தாலே போதும், விட்டிருப்பார். அவ இவரைப் பார்த்தா, தட்டோட நின்ன என்னைப் பார்த்தா. எனக்கு முன்னாடியே தெரியும்ங்கிறது அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிஞ்சு போச்சு. நான் கீழ குனிஞ்சுக்கிட்டேன்.

“என் தோளுக்கு ஒண்ணும் இல்லை சார்”னா. எழுந்து நின்னு வலது கையை நேரா மேல தூக்கிக் காட்டினா. முழங்கை மடங்கலை. அப்புறம் மெதுவா இறக்கினா. “நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா நான் சொல்ல மாட்டேன்.”

“ஏம்மா? நீங்க இங்க பிறந்தவங்கதானே?”

“அதேதான் சார். இங்க பிறந்தவன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச அன்னைக்கு நானே சொல்றேன், யாரும் கேக்க வேண்டாம்.”

சிரிப்பு நின்னுடுச்சு. அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பிச்சார். நான் கொண்டு போன டீயை யாரும் தொடலை, ஆறிப் போனதை அப்படியே எடுத்துட்டு வந்தேன்.

பொண்ணுகிட்ட இவரே சொன்னார். அவ திட்டலை, அழலை. “சரிப்பா”ன்னு சொல்லிட்டு அந்தப் போட்டோவைப் போன்ல இருந்து அழிச்சா. அப்புறம் என்னைப் பார்த்து, “அந்தக் கண்டக்டர் ஆன்ட்டிக்கு என்ன ஆச்சு?”ன்னு கேட்டா. நான் அடுப்பைத் துடைக்கப் போயிட்டேன்.

மறுநாள் காலையில டீசல் பம்பு எதிர்ல கூட்டம். மேனேஜரே முன்னாடி வந்து நின்னார். நம்ம டிரைவரைப் பத்தித் தப்பா ஒரு பேச்சு வந்துச்சு, உண்மை என்னன்னா அவர் நம்ம எல்லாரையும்விட நாட்டுப்பற்று உள்ளவர், உடம்பு முடியாததை வெளிய சொல்லாம மக்களுக்கு வண்டி ஓட்டினவர், இன்னையில இருந்து டைம் ஆபீஸ்ல உக்காருவார், அவருக்குக் கையைத் தூக்குறதுல இருந்து விலக்குன்னு அறிவிச்சார். எல்லாரும் கை தட்டினாங்க. ஃபோர்மேன் ஓங்கித் தட்டினான். இவர் கூனிக் குறுகி நின்னார்.

ஜன்னல்ல நின்ன நானும் தட்டினேன். தட்டணும்னு நினைச்சுத் தட்டலை. புருஷனை ஊரே மெச்சுதுன்னதும் கை தானாத் தட்டிடுச்சு. தட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் பார்த்தேன், டிக்கெட் மெஷினை ஒப்படைக்க வந்தவ கேட்டுக்குப் பக்கத்துல நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. என் ரெண்டு கையும் அந்தரத்துல அப்படியே நின்னு போச்சு. அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை முழுங்கியிருந்தா நிம்மதியாப் போயிருப்பேன்.

மெஷினை ஆபீஸ்ல குடுத்துட்டு, வெளிய போறதுக்கு முன்னாடி கேன்டீனுக்கு வந்தா. காறித் துப்புவா, நாலு வார்த்தை கேப்பான்னு காத்துக்கிட்டு இருந்தேன். கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

“அண்ணன் தோளுக்குத் தைலம் மட்டும் போடாதீங்கக்கா. சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ஒத்தடத்துல சரியாச்சு”ன்னா.

“தங்கச்சி...”ன்னேன். “நான் அன்னைக்கே சொல்லியிருந்தா நீ கையை இறக்கியிருக்க மாட்டே. பாவி நான், உன் பிழைப்பைக் கெடுத்துட்டேன்.”

அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. நிஜமாவே யோசிச்சா, எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக இல்லை.

“இல்லக்கா. நீங்க சொல்லியிருந்தாலும் என்னைக்காவது ஒருநாள் நான் இறக்கித்தான் இருப்பேன்”னா. “ஆனா தனியாத்தான் நிக்கப் போறேன்னு தெரிஞ்சு இறக்கியிருப்பேன். பக்கத்துல ஆள் இருக்குன்னு நம்பி நிக்க விட்டுட்டீங்களே.”